ஒன்பதாவது பைட்

சி மொழியின் நூலகத்தில் ஸ்டர்-என்-காப்பி என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. ஓரிடத்தில் இருக்கும் எழுத்துகளை இன்னோரிடத்துக்குப் படியெடுப்பது அதன் வேலை. அதிகபட்சம் எத்தனை பைட் என்று ஓர் எண்ணையும் கூடவே கொடுக்க வேண்டும். சி படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்குச் சீக்கிரமே அறிமுகமாகிவிடும் பெயர் அது. இன்றைக்கு லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களில், புதிய நிரலில் பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. கெர்னலுக்குள் அது வாழ்ந்துவந்த நூற்றுக்கணக்கான இடங்களைத் தேடித்தேடி மாற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த வேலையில் கை தடுமாறிய இடங்களில் பல ஹார்டு டிஸ்க், ரெய்டு, ஃபைல் சிஸ்டம் சார்ந்த பகுதிகளில் இருந்தன. அதில் வியப்பில்லை. இந்த ஃபங்ஷன் பிறந்ததே டிஸ்கில் ஒரு பெயரை எழுதுவதற்காகத்தான்.

பிறந்த இடம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் சகாக்களும் பிடிபி-11 கணினிகளில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்த 1970-கள் அது. அன்றைய யூனிக்ஸில் ஒரு டைரக்டரி என்பது 16 பைட் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய ஒரு ஃபைல். ஒவ்வொரு பதிவிலும் முதல் 2 பைட்டில் ஃபைலை அடையாளம் காட்டும் ஐநோடு எண், மீதி 14 பைட்டில் பெயர். டிஸ்கின் ஒரு பிளாக் 512 பைட். ஆகவே ஒரு பிளாக்கில் மிச்சம் மீதியில்லாமல் 32 பெயர்கள் உட்காரும். நினைவகமும் டிஸ்கும் குன்றிமணி அளவில் கிடைத்த காலத்தில் இந்தக் கச்சிதம் பெரிய சொத்து.

வங்கியில் கொடுக்கும் படிவத்தில் பெயர் எழுதுவதற்குக் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள் அல்லவா, அந்த 14 பைட்டும் அப்படித்தான். பெயர் சிறியதாக இருந்தால் மீதிக் கட்டங்களில் சுழியை நிரப்புவார்கள். பெயர் சரியாக 14 எழுத்து என்றால் எல்லாக் கட்டமும் எழுத்தாலேயே நிரம்பிவிடும். பெயர் முடிந்தது என்று காட்ட அங்கே தனியாக எதுவும் இருக்காது. தேவையும் இல்லை, கட்டங்கள் 14 என்பது படிக்கிறவருக்குத் தெரியும். மீதியைச் சுழியால் நிரப்புவதிலும் காரணம் உண்டு. முன்பு அங்கே இருந்த பழைய பெயரின் வால் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. இரண்டு பெயர்களை ஒப்பிட, 14 பைட்டையும் அப்படியே ஒப்பிட்டால் போதும்.

ஸ்டர்-என்-காப்பி செய்வதும் இதையே, ஒரு பைட் கூடாமல் குறையாமல். சொன்ன எண்ணிக்கை வரைக்கும் எழுத்தை எடுத்துவைக்கும். மூலம் முன்னதாகவே முடிந்துவிட்டால் மீதியெல்லாம் சுழி. மூலம் நீளமாக இருந்தால் எண்ணிக்கை முடிந்த இடத்தில் நின்றுவிடும். முடிவில் சுழி வைக்காது. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் நூலகத்தில் அது இடம்பெற்றது. தன் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அந்த வேலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

சி மொழியின் ஸ்ட்ரிங் வேறு சாதி. அதற்குக் கட்டம் கிடையாது. எழுத்துகள் வரிசையாக வரும், மதிப்பு சுழியாக உள்ள ஒரு பைட் வந்தால் அதோடு முடிந்தது. சி-யின் பாட்டன் மொழியான பிசிபிஎல்லில் ஸ்ட்ரிங்கின் தொடக்கத்திலேயே நீளத்தை எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. நீளத்துக்கு ஒதுக்கும் சின்ன இடம் ஸ்ட்ரிங்கின் அளவைக் கட்டிப்போடுகிறது என்பதாலும், எண்ணிக்கையைத் தூக்கிச் சுமப்பதைவிட முடிவுக்குறி வைப்பது வசதி என்று அனுபவத்தில் தெரிந்ததாலும் அதைக் கைவிட்டதாக ரிச்சி பின்னாளில் எழுதினார். அந்த முடிவின் விளைவு என்னவென்றால், சி-யில் ஒரு ஸ்ட்ரிங்கின் நீளம் தெரிய வேண்டுமானால் சுழி வரும்வரை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். சுழி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குள்ளும் நடந்துகொண்டே போக வேண்டியதுதான்.

ஆக, ஒரே ஃபங்ஷன் நூலகத்தில் இரண்டு உலகங்களுக்கு இடையில் நின்றது. அதன் பெயர் ஸ்ட்ரிங்குக்கானது. விளைவாகத் தருவதோ கட்டம். மொழியில் இரண்டுக்கும் ஒரே வகைதான், எழுத்துகளின் வரிசை. எது எது என்பது நிரலை எழுதியவரின் மனத்தில் மட்டும் இருந்தது. இந்தப் பயணத்தில் பின்னால் நேர்ந்த ஒவ்வொரு சங்கடத்துக்கும் வேர் இதுவே என்பது என் கணிப்பு.

1983-இல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி, ஃபைல் பெயருக்கு 255 எழுத்து வரை இடம் தந்தது. 14 கட்டம் காலாவதியானது. அதோடு ஸ்டர்-என்-காப்பியின் பிறவிப் பயனும் கிட்டத்தட்ட முடிந்தது. ஆனால் நூலகத்தில் ஒருமுறை ஏறிய பெயர் அவ்வளவு எளிதில் இறங்காது. 1989-இல் சி மொழிக்கு ஆன்சி தரம் வந்தபோது அதையும் சேர்த்துக்கொண்டார்கள். தரத்தோடு வெளியான விளக்கக் குறிப்பில், இது டைரக்டரிப் பதிவு போன்ற நிலையான அளவுள்ள பெயர்க் கட்டங்களுக்காக வந்தது, அவை ஸ்ட்ரிங் போலப் பயன்படுபவை அல்ல என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பைத் தேடிப் படித்த நிரலாளர்கள் குறைவு.

இதற்கிடையில் 1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல் இணையத்தில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவை நிரலில் இருந்த 512 பைட் பஃபர். வருகிற வரியின் நீளத்தைப் பார்க்காமல் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் அங்கே இருந்தது. புழு 536 பைட்டை அனுப்பியது. அளவு பாராமல் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. 1990-களில் அந்தப் பாடம் அறிவுரையாகப் பரவியபோது, அளவு கேட்காத ஸ்டர்-காப்பியை எடுத்துவிட்டு அளவு கேட்கும் ஸ்டர்-என்-காப்பியைப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். டிஸ்க் கட்டத்துக்கென்று பிறந்தது, அன்றுமுதல் பாதுகாப்புக் கவசமாகப் பெயர் வாங்கியது.

கவசத்தில் ஓட்டை இருந்தது. இலக்குக்கு அப்பால் அது எழுதாது, உண்மை. ஆனால் மூலம் நீளமாக இருந்தால் இலக்கில் முடிவுச் சுழி இருக்காது. அதை ஸ்ட்ரிங் என்று நம்பி அடுத்த வரியில் அச்சிட்டாலோ நீளம் பார்த்தாலோ, படிப்பு எல்லை தாண்டிப் போய்விடும். எழுதுவதில் தடுத்த விபத்து படிப்பதில் வந்து நின்றது. அதனால் இரண்டு வரி மந்திரம் ஒன்று பழக்கமானது: பஃபர் அளவில் ஒன்று குறைத்துப் படியெடு, பிறகு கடைசி பைட்டில் நீயே சுழி வை. உலகெங்கும் சி நிரல்களில் இந்த இரண்டு வரியைப் பார்க்கலாம். முதல் வரி மட்டும் இருந்து இரண்டாவது வரி விடுபட்ட இடங்களையும் பார்க்கலாம். இன்னொன்று, 4096 பைட் பஃபரில் 5 எழுத்துப் பெயரை வைத்தாலும் மீதி 4091 இடத்திலும் அது சுழியை எழுதிவிட்டுத்தான் ஓயும். பிறவிக் குணம்.

ஃபைல் பெயர்கள் கட்டத்தை விட்டுப் போனாலும், டிஸ்குகளின் உலகம் கட்டத்தை விடவே இல்லை. ஒரு ஸ்கஸி சாதனத்திடம் நீ யார் என்று கணினி கேட்டால் அது ஒரு தகவல் துண்டை அனுப்பும். அதில், சுழியிலிருந்து எண்ணினால், 8-ஆவது பைட்டில் தொடங்கித் தயாரிப்பாளர் பெயருக்கு 8 பைட், மாடல் பெயருக்கு 16, பதிப்புக்கு 4. மூன்றும் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். பெயர் சிறியதாக இருந்தால் மீதியைச் சுழியால் அல்ல, வெற்றிடக் குறியால் நிரப்ப வேண்டும் என்பது விதி. அதாவது விதிப்படி நடக்கும் எந்த ஸ்கஸி சாதனத்தின் பெயரிலும் முடிவுச் சுழியே கிடையாது. லினக்ஸில் சாட்டா டிஸ்குக்கும் ஸ்கஸி வேடம் போட்டே உள்ளே அழைத்துவருகிறார்கள். அதன் தயாரிப்பாளர் கட்டத்தில் ஏடிஏ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஐந்து வெற்றிடமும் இருக்கும். இந்தப் பெயரை அளவு சொல்லாமல் அச்சிடச் சொன்னால், தயாரிப்பாளர், மாடல், பதிப்பு என்று மூன்றும் ஒரே மூச்சில் வந்து, அதற்குப் பின்னால் நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதுவும் வரும், எங்காவது ஒரு சுழி எதிர்ப்படும்வரை. அதனால்தான் ஸ்கஸி டிரைவர்களில் அச்சிடும் வரிகளில் எட்டு மட்டும், பதினாறு மட்டும், நான்கு மட்டும் என்று அளவு குறித்திருப்பதைக் காண்கிறோம். எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏடிஏ டிஸ்கின் மாடல் பெயருக்கு 40 பைட், சீரியல் எண்ணுக்கு 20. அவையும் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறி வரும்; திருப்பிப்போட்டுத்தான் படிக்க வேண்டும். இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டி வரைக்கும் இந்த மரபு தொடர்கிறது: சீரியல் 20, மாடல் 40, ஃபர்ம்வேர் பதிப்பு 8, மீதி வெற்றிடம். லினக்ஸ் கணினியே ஒரு என்விஎம்இ சாதனமாக நடித்து வலைவழியே சேமிப்பு வழங்க முடியும். அப்போது அது தன் மாடல் பெயராக லினக்ஸ் என்பதைச் சொல்லும், பின்னால் 35 வெற்றிடத்தோடு. அந்த இடத்தில் ஸ்டர்-என்-காப்பியைப் போட்டால் வெற்றிடத்துக்குப் பதில் சுழி நிரம்பி விதி மீறிவிடும். நிரப்பும் குறி எது என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வேறொரு ஃபங்ஷன் அங்கே வேலை செய்கிறது.

ஃபைல் சிஸ்டங்களின் பெயர்ச்சீட்டுகளும் இப்படித்தான். ஒரு பார்ட்டிஷனுக்கு நாம் வைக்கும் லேபிளுக்கு ஈஎக்ஸ்டி4 தரும் இடம் 16 பைட். எக்ஸ்எஃப்எஸ் தருவது 12. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் ஒன்று. ‘மதுரை’ என்று லேபிள் வைத்தால் ஐந்து குறியீடு, 15 பைட்; ஈஎக்ஸ்டி4-இல் அடங்கிவிடும். ‘சென்னை’ ஆறு குறியீடு, 18 பைட், அடங்காது. 16-இல் வெட்டினால் ‘சென்ன’ என்பதோடு, ஐகாரக் குறியின் முதல் பைட் மட்டும் அறுந்த துண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஃபங்ஷன்கள் எவற்றுக்கும் எழுத்தின் எல்லை தெரியாது; பைட்டை மட்டுமே எண்ணும். ‘கோவை’ நான்கு குறியீடு, சரியாக 12 பைட். எக்ஸ்எஃப்எஸ் லேபிளில் அது மிச்சமில்லாமல் நிரம்பும், முடிவுச் சுழிக்கு ஓர் இடமும் இல்லாமல். லேபிளைப் படிக்கும் நிரல் அதை ஸ்ட்ரிங் என்று எண்ணிக்கொண்டால், ஆங்கிலத்தில் சின்னப் பெயர் வைத்தவரின் கணினியில் எந்தக் குறையும் தெரியாது; கோவைக்காரரின் கணினியில் வரம்பு மீறும். யூடிஎஃப்-8 முறையை 1992-இல் வடிவமைத்ததும் அதே கென் தாம்சன்தான், ராப் பைக்குடன் சேர்ந்து. எந்த எழுத்தின் நடுவிலும் சுழி பைட் வந்துவிடாதபடி கவனமாகச் செய்திருந்தார்கள். அந்தக் கவனம் இல்லாவிட்டால் இந்த முறையில் எழுதிய தமிழ் சி-யின் ஸ்ட்ரிங்குகளுக்குள் வந்திருக்கவே முடியாது.

சரி, மருந்து தேடிய கதைக்கு வருவோம். ஓபன்பிஎஸ்டி குழுவைச் சேர்ந்த டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஸ்டர்-எல்-காப்பியை உருவாக்கினார்கள். 1998 டிசம்பரில் வெளியான ஓபன்பிஎஸ்டி 2.4-இல் அது வந்தது. எப்போதும் முடிவுச் சுழி வைக்கும். தேவையில்லாமல் மீதியை நிரப்பாது. முழு மூலத்தின் நீளத்தைத் திருப்பித் தரும். அது பஃபரின் அளவுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். நல்ல எண்ணம்தான். ஆனால் மூலத்தின் நீளத்தைச் சொல்ல, அது சுழி வரும்வரை மூலத்தை முழுக்கப் படித்தாக வேண்டும். மூலம் ஒரு ஸ்கஸி கட்டமாக இருந்தால் சுழி ஏது? லினக்ஸ் உலகின் பெரிய சி நூலகமான ஜிலிப்சி அதைப் பல ஆண்டு ஏற்க மறுத்து, 2023-இல் வெளியான 2.38-இல் சேர்த்துக்கொண்டது. அடுத்த சில மாதங்களில், 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8 கெர்னல், தன்னிடம் அதுவரை இருந்த ஸ்டர்-எல்-காப்பியை முழுதாக அகற்றியது.

கெர்னல் தனக்கென்று வைத்துக்கொண்டது ஸ்டர்-எஸ்-காப்பி. 2015 நவம்பரில் வந்த 4.3-இல் அது சேர்ந்தது. முடிவுச் சுழி உறுதி. கொடுத்த அளவுக்கு மேல் மூலத்தைப் படிக்காது. வெட்டுப்பட்டால் பிழை எண்ணைத் தரும். அதை ஏற்றுக்கொண்ட நாளில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் எச்சரிக்கையும் எழுதினார். புதிதாக, மேலானதாக ஒன்று வந்ததும் ஆட்கள் பழையதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கிளம்புவார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு தவறு செய்து, மாற்றமே நிரலைக் கெடுத்துவிடும். அப்படி யோசிக்காமல் மாற்றும் பேட்ச்களை ஏற்க மாட்டேன் என்பது அதன் சாரம். நம்முடைய இந்தக் கதையில் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

ஆனாலும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. கீஸ் குக் முன்னின்று நடத்திய கெர்னல் தற்காப்புத் திட்டம், ஸ்டர்-என்-காப்பியை ஒழிப்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 2018-இல் ஜிசிசி 8 கம்பைலர், இந்தப் படியெடுப்பில் முடிவுச் சுழி விடுபடலாம் என்று எச்சரிக்கத் தொடங்கியிருந்ததும் துணையாக இருந்தது. வேலையை யாரும் ஒரே கட்டளையில் முடிக்க முடியவில்லை. ஒவ்வோர் இடத்திலும் நின்று கேட்க வேண்டியிருந்தது: இலக்கு ஸ்ட்ரிங்கா, கட்டமா? மூலம் ஸ்ட்ரிங்கா, கட்டமா? மீதியில் சுழி நிரம்புவதை யாராவது நம்பியிருக்கிறார்களா?

மென்பொருள் ரெய்டான எம்டி-யில் ஓரிடத்தில் நீளம் ஏற்கனவே கணக்கிட்டுக் கையில் இருந்தது. அடுத்த வரியிலேயே முடிவுச் சுழியும் தனியாக வைத்திருந்தார்கள். அங்கே தேவைப்பட்டது வெறும் பைட் படியெடுப்பு, மெம்-காப்பி. அதையே போட்டார்கள். டிவைஸ் மேப்பரில் நிலைமை வேறு. 16 பைட் கட்டம் ஒன்றில் வகைப் பெயரை எழுதி, அந்தத் துண்டை அப்படியே கெர்னலிலிருந்து பயனரின் நிரலுக்கு அனுப்புகிறார்கள். மீதியில் சுழி நிரப்பாமல் விட்டால் அந்த நினைவகத்தில் முன்பு கிடந்த கெர்னலின் அந்தரங்கம் வெளியே போய்விடும். பழைய ஃபங்ஷனின் வேண்டாத பழக்கம் என்று நினைத்த சுழி நிரப்பல், அங்கே காவலாக இருந்திருக்கிறது. அதனால் சுழியும் நிரப்பும் ஸ்டர்-எஸ்-காப்பி-பேட் அங்கே வந்தது. இதைப் போன்ற இடங்களைப் படித்துத் தெரிந்துகொண்டு மாற்றியவர்களின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். பேட்ச் ஒரு வரிதான். அதற்கான விளக்கம் இரண்டு பத்தி.

பிறகு எட்டு, ஒன்பது கணக்கு வந்தது. எஸ்ஏஎஸ் வகை டிஸ்குகளைப் பெருமளவில் இணைக்க எக்ஸ்பேண்டர் என்ற சாதனம் உண்டு. சர்வர் அறைகளில் ஒரு பெட்டிக்குள் பத்திருபது டிஸ்குகள் இருந்தால் நடுவில் அது இருக்கும். டிரைவர் அதனிடம் தயாரிப்பு விவரம் கேட்கும். பதிலில் தயாரிப்பாளர் பெயருக்கு 8 பைட் கட்டம். டிரைவர் தன் பக்கத்தில் 9 பைட் இடம் வைத்திருந்தது, முடிவுச் சுழிக்கென்று ஒன்று கூடுதலாக. பழைய நிரல் ஸ்டர்-என்-காப்பியிடம் 8 என்று சொல்லிப் படியெடுத்தது. இலக்கு இருந்த நினைவகத்தை ஒதுக்கும்போதே சுழியால் துடைத்துத்தான் தந்திருந்தார்கள். எட்டு எழுத்து வந்து அமர்ந்ததும் ஒன்பதாவது பைட்டில் ஏற்கனவே சுழி இருக்கும். முழுமையான ஸ்ட்ரிங் கிடைத்துவிடும். பார்க்க ஆபத்தாகத் தெரிந்தாலும் அந்தப் பழைய வரி சரியாகவே வேலை செய்தது.

புதிய பேட்ச் அதை ஸ்டர்-எஸ்-காப்பியாக மாற்றியது. இலக்கின் அளவைச் சொல்வதுதான் அதன் முறை. ஆகவே 9 என்று சொன்னார்கள். இப்போது ஃபங்ஷன் மூலத்தை ஒரு ஸ்ட்ரிங் என்று நம்பி முடிவுச் சுழியைத் தேடுகிறது. எல்எஸ்ஐ லாஜிக் நிறுவனத்தின் பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் எழுதினால் சரியாக எட்டு எழுத்து. எல்எஸ்ஐ என்று மட்டும் எழுதினாலும் ஐந்து வெற்றிடத்தோடு எட்டு. எட்டிலும் சுழி இல்லை. ஃபங்ஷன் ஒன்பதாவதைப் பார்க்கக் கால் எடுத்து வைக்கிறது. அந்த ஒன்பதாவது பைட் அடுத்த கட்டமான மாடல் பெயரின் முதல் எழுத்து. 2017-இல் லினக்ஸ் 4.13 முதல் கெர்னலில் இருக்கும் எல்லைக் காவல், ஃபோர்ட்டிஃபை, அந்த இடத்தில் குறுக்கே விழுந்து மறித்தது: 8 பைட் உள்ள இடத்தில் 9 பைட் படிக்கப்படுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளில், புதிய கெர்னல் போட்டதும் டிஸ்க் கண்ட்ரோலர் தன் சாதனங்களை எண்ணிப் பார்க்கும் வேளையில் இது வெடித்தது. பயனர்கள் புகார் அனுப்பினார்கள். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழையைப் பாதுகாப்புக்காக வைத்த இன்னொரு காவலே பிடித்துக்கொடுத்தது.

2024-இல் எக்ஸ்பேண்டரோடு பேசும் டிரைவர்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் திருத்தம் வந்தது. அதற்கென்றே மெம்-டு-ஸ்டர் என்றொரு புதிய கருவியைச் செய்தார்கள். கட்டத்தை மூலமாக வாங்கி, ஸ்ட்ரிங்கை இலக்கில் தருவது அதன் வேலை. கட்டத்தின் அளவையும் இலக்கின் அளவையும் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். மனிதர் 8 என்றோ 9 என்றோ சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்திசைக்கு, ஸ்ட்ரிங்கிலிருந்து கட்டத்துக்குப் போக, ஸ்டர்-டு-மெம் 2022-லேயே வந்திருந்தது. 1979-இல் ஒரே ஃபங்ஷனுக்குள் பொதிந்து வைத்த வேலை, இப்போது மூலம் என்ன, இலக்கு என்ன என்று பெயரிலேயே சொல்லும் தனித்தனிக் கருவிகளாகப் பிரிந்தது. இவற்றோடு நான்-ஸ்ட்ரிங் என்ற அடையாளமும் புழக்கத்துக்கு வந்தது. இந்த வரிசை ஸ்ட்ரிங் இல்லை, கட்டம் என்று அதை அறிவிக்கும் இடத்திலேயே எழுதிவைத்தால், யாராவது அதை ஸ்ட்ரிங்காக நடத்தும்போது கம்பைலர் கேள்வி கேட்கும். எழுதியவரின் மனத்தில் மட்டும் இருந்த செய்தி, முதல்முறையாக நிரலுக்குள்ளேயே இடம்பிடித்தது. இந்த முழுப் பயணத்திலும் மிகப் பயனுள்ள அடி இதுதான் என்பேன். எக்ஸ்எஃப்எஸ்ஸின் 12 பைட் லேபிளுக்கும் 2025-இல் அந்த அடையாளம் கிடைத்தது.

அதற்குப் பிறகும் கணக்கு முடிந்துவிடவில்லை. ஈஎக்ஸ்டி4-இன் சூப்பர்பிளாக்கில், மவுண்ட் செய்யும்போது தானாகச் சேர வேண்டிய விருப்பங்களை எழுதிவைக்க 64 பைட் இடம் ஒன்று இருக்கிறது. அதே சூப்பர்பிளாக்கில் உள்ள லேபிள் போன்றவை கட்டங்கள். இது மட்டும் அப்படியில்லை; டியூன்2எஃப்எஸ் கருவி இதில் 63 எழுத்துக்கு மேல் எழுதாமல் முடிவுச் சுழியோடுதான் வைக்கும் என்ற நம்பிக்கையில் கெர்னல் இதைப் படித்துவந்தது. டிஸ்கில் இருப்பதை நம்பலாமா? யாரோ கைவைத்த டிஸ்காக இருந்தால்? அதனால் இதையும் சுழி இல்லாத கட்டமாக இருக்கலாம் என்று எண்ணி 65 பைட் பஃபர் வைத்து, ஸ்டர்-எஸ்-காப்பி-பேட் மூலம் படியெடுத்தார்கள். 9-க்கு 8 என்ற அதே பிழை, 65-க்கு 64 ஆகத் திரும்ப வந்தது. அதே ஃபோர்ட்டிஃபை அதே முறையில் கூவியது.

திருத்தம் 2025-இல் வந்தது. எக்ஸ்பேண்டர் டிரைவர்களில் செய்ததுபோல் மெம்-டு-ஸ்டரைப் போட்டிருந்தால் எச்சரிக்கை அடங்கியிருக்கும். திருத்தியவர்கள் அந்த வழியில் போகவில்லை. இந்த 64 பைட் முதலிலிருந்தே ஸ்ட்ரிங்காக வாக்குக் கொடுக்கப்பட்டது. அதில் சுழி இல்லையென்றால் டிஸ்கில் உள்ளது கெட்டுப்போன தகவல், அல்லது யாரோ வேண்டுமென்றே திரித்தது. ஆகவே பஃபரை 64-ஆகவே குறைத்தார்கள். முடிவுச் சுழி கிடைக்காமல் ஸ்டர்-எஸ்-காப்பி-பேட் பிழை எண்ணைத் தந்தால், விருப்பங்களை ஊகித்துப் பார்க்காமல் அங்கேயே பிழை சொல்லித் திரும்பிவிடும்படி எழுதினார்கள்.